பாலம் விழுந்தால் கடவுள் செயல். நின்றால் யார் செயல்?

கல்கத்தா நகரில் படாபஜாரை ஒட்டிய கணேஷ் டாக்கீஸ் நாற்சந்தியில், 2016-ம் வருஷம் மார்ச்சு மாதம் 31-ந் தேதி வியாழக்கிழமை பட்டப்பகலில், கட்டி முடியாமல் நின்ற மேம்பாலத்தின் ஒரு பாகம் கீழே போய்க்கொண்டிருந்த ஜனங்களின் தலைமேல் விழுந்தது. 26 பேருக்குக் குறையாமல் நசுங்கிச் செத்தார்கள். 80 பேருக்குமேல் காயமடைந்தார்கள். 2009-ல் கண்ட்ராக்ட் கொடுத்து, இரண்டு வருஷத்திற்குள் முடிந்திருக்கவேண்டிய வேலை அது. கெடுவுக்குமேல் கெடு வாங்கி ஏழு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. விழுந்த பாகத்தில் முந்தின நாள் இரவுதான் காங்கிரீட் கொட்டியிருந்தார்கள்.

இந்த வேலையை ஏற்று நடத்திய ஐதராபாத்து ஐ.வி.ஆர்.சி.எல். கம்பெனியின் பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? எங்கள் கம்பெனி வெகுகாலமாக எத்தனையோ பாலம் கட்டியிருக்கிறது, ஒன்றுகூட இப்படி ஆனதில்லை, ஆகவே இது கடவுள் செயலே ஒழிய வேறல்ல என்பதாகும். அதற்கடுத்தாற்போல் அதே கம்பெனியார் தரப்பில், வெடிகுண்டு வெடித்திருக்கவும் கூடும் என்று ஒரு சந்தேகம் கிளப்பப்பட்டது. முதலில் கடவுள், பிறகு வெடிகுண்டு! இரண்டுக்கும் நடுவில் அகப்படாதவர் கண்ட்ராக்டர் ஒருவர்தான்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. அப்போது வங்காளத்தில் தேர்தல் காலம். ஒரு வாரம் சென்று அங்கே பிரசாரத்திற்குப் போன பிரதம மந்திரி நரேந்திர மோடி அவர்கள், இது கடவுள் செயலல்ல, மோசடிச் செயல் என்று பேசினார். இதுவரையில் சரி என்றுதான் நாமும் சொல்லுவோம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. எப்படிப்பட்ட ஆட்சி இங்கே நடந்தது என்பதை ஜனங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் தேர்தல் சமயத்தில் இது நடந்திருக்கிறது, அந்த விதத்தில் இதுவும் கடவுள் செயல்தான், இன்றைக்குப் பாலம் விழுந்தது, நாளைக்கு வங்காளமே விழும் என்று கடவுள் சேதி அனுப்பியிருக்கிறார் என்ற கருத்தில் பேசிவிட்டார். கம்பெனிக்காரரின் கடவுள் பாலத்தைத் தள்ளினார். பிரதம மந்திரியின் கடவுளோ அதை வைத்து ஓட்டுப் பிரசாரம் செய்தார். சேதி அனுப்புகிற கடவுளுக்கு ஒரு தபால் கார்டு எழுதத் தெரியாதா? ரிக்ஷா இழுக்கிறவன் முதுகின்மேல்தானா எழுதவேண்டும் என்று கேட்கின்றோம்.

மாகாண மந்திரிசபைக்காரர்களும் சளைத்தவர்களல்லர். இந்தக் கண்ட்ராக்டைக் கொடுத்தது எங்களுக்கு முந்திய இடதுசாரி ஆட்சி என்றார்கள். கொடுத்தது அவர்கள் என்பது வாஸ்தவமே. ஆனால் முந்தின இரவு கொட்டிய காங்கிரீட்டுக்கும் முந்திய ஆட்சியா ஜவாப்தாரி?

ஆனால் அந்த நாற்சந்தியில் வேறொன்றும் நடந்தது. ராணுவமும் பெரிய கிரேன்களும் வந்து சேருகிற வரையில் காத்திராமல், அக்கம்பக்கத்துக் கடைக்காரரும் குடியிருப்பவர்களும் வெறுங்கையால் இடிபாட்டைத் தோண்டினார்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு கை அசைவதைக் கண்ணால் கண்டவன், இது யார் செயல் என்று சாஸ்திர விசாரணை செய்துகொண்டிருக்க முடியாது. அந்த ஆராய்ச்சிக்கெல்லாம் தூசி படாத இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நிற்க, “கடவுள் செயல்” என்ற இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பதை நம் வாசகர்கள் நன்றாய்த் தெரிந்துகொள்ள வேண்டும். அது கோயிலிலிருந்து வந்த வார்த்தை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். வெள்ளைக்காரனுடைய சட்டத்திலிருந்து, ஒப்பந்தப் பத்திரத்தின் வழியாய் வந்த வார்த்தை அது. பூகம்பம், பெருவெள்ளம், இடி முதலிய, மனிதன் கைபடாத, எவ்வளவு முன்யோசனை இருந்தாலும் தடுக்கமுடியாத ஒரு காரியத்தால் நஷ்டம் வந்தால், அதற்கு ஒப்பந்தக்காரன் பொறுப்பல்ல என்பது அதன் கருத்து. ஆகவே ஒரு கம்பெனிக்காரன் வானத்தைப் பார்த்துக் கைகூப்பி இப்படிச் சொல்லுகிறபோது, அவன் பக்தி செய்கிறான் என்று நினைக்கக்கூடாது. நஷ்டஈடு கொடுக்கமாட்டேன், ஜெயிலுக்குப் போகமாட்டேன் என்று சட்ட பாஷையில் சொல்லுகிறான். நம்முடைய ஜனங்களோ அதைப் பக்தி பாஷையாக எடுத்துக்கொண்டு, “ஆமாம், அவனன்றி ஓரணுவும் அசையாது” என்று தலையாட்டிவிடுகிறார்கள். வக்கீலின் வார்த்தைக்குப் பூசாரியின் அர்த்தம் சொல்லிக் கொடுத்தவர்கள் யாரோ, அவர்கள் முதலாளிக்குச் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல.

குஜராத்தில் மோர்பி என்னும் ஊரில் 2022 அக்டோபர் 30-ந் தேதி தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டபோதும் இதே பாட்டுத்தான். அது கட்டுமானத்தில் விழுந்ததல்ல. பழுதுபார்த்துத் திறந்துவிட்ட நாலே நாளில் விழுந்தது. தரைப்பலகையை மாற்றினார்களே ஒழிய தாங்குகிற பழைய கம்பி வடத்தை மாற்றவில்லை என்று போலீசார் கோர்ட்டில் சொன்னார்கள். பழுதுபார்த்த கம்பெனியின் மானேஜர் ஒருவர் அதே கோர்ட்டில், இது பகவானுடைய இச்சை என்று சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. பகவானுக்கு 135 பேரைக் கொல்ல இச்சை இருந்தால் அவரையல்லவா முதல் எதிரியாகச் சேர்த்திருக்க வேண்டும்? சேர்க்கமாட்டார்கள். ஏனென்றால் பகவான் சம்மனுக்கு வரமாட்டார் என்பது மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும், மானேஜருக்கும் தெரியும்.

கடவுளை விட்டால் காற்று. பீகாரில் கங்கைமேல் சுல்தான்கஞ்சு அருகில் கட்டிவந்த பாலத்தின் ஒரு பாகம் 2022 ஏப்ரலில் விழுந்தது. பலத்த காற்றினால் விழுந்தது என்று ஒரு ஐ.ஏ.எஸ். உத்தியோகஸ்தர் தமக்குக் காரணம் சொன்னதாகவும், காற்றடித்துப் பாலம் விழுமா என்று தாம் ஆச்சரியப்பட்டதாகவும் மத்திய மந்திரி நிதின் கட்கரி அவர்களே ஒரு கூட்டத்தில் சொன்னார். அதே பாலம் 2023 ஜூனில் மறுபடி விழுந்தது. 2024 ஆகஸ்டிலும் விழுந்தது. அந்தக் காற்றுக்கு அந்தப் பாலத்தின்மேல் என்ன விரோதமோ நமக்குத் தெரியாது.

இவையெல்லாம் வடக்கே எங்கேயோ நடந்த கதைகள் என்று தேர்வாய் கண்டிகையில் இருப்பவர்கள் நினைக்கவேண்டாம். நம்முடைய திருவள்ளூர் ஜில்லாவிலேயே, எண்ணூர்ப் பக்கம் புதிதாகக் கட்டிவருகிற அனல் மின்சார நிலையத்தில், 2025 செப்டம்பர் 30-ந் தேதி சாயங்காலம், உயரத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களோடு இரும்பு வளைவுச் சாரம் சரிந்து 9 தொழிலாளிகள் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாம் தேசத்தவர். மாகாண முதல் மந்திரி தலைக்கு 10 லட்சமும் பிரதம மந்திரி தலைக்கு 2 லட்சமும் அறிவித்தார்கள். அது பாலமல்ல, சாரம் என்று யாராவது சொல்லுவார்களானால், பாலத்தில் செத்தவனும் சாரத்தில் செத்தவனும் ஒரே கூலிதான் என்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறோம்.

அந்தத் தேதியைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மறுநாள் அக்டோபர் 1-ந் தேதி ஆயுத பூசை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டிலும், மெஷின் இருக்கிற எல்லாக் கொட்டகையிலும், அன்று ஸ்பானருக்குச் சந்தனம், கிரேனுக்கு மாலை, லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், வாசலில் பூசணிக்காய், சிப்பந்திகளுக்குப் பொரிகடலை. இது நம் கண்ணால் வருஷாவருஷம் காண்பது. வருஷத்தில் ஒரு நாளாவது எல்லா ஆயுதத்தையும் கீழே இறக்கித் துடைத்து வைக்கிறார்களே, அந்த மட்டில் நமக்குச் சந்தோஷந்தான். ஆனால் துடைத்த கையோடு, இந்தச் சங்கிலியின் கண்ணி தேய்ந்திருக்கிறதா, இந்த ஜாக்கி எத்தனை டன் தாங்கும், இந்தச் சாரத்து முட்டுக்கு அடியில் பலகை இருக்கிறதா, மண் இளகியிருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்? பொட்டு வைத்தால் விரிசல் தெரியாமல் போகுமே ஒழிய விரிசல் இல்லாமல் போகாது. (பூசணிக்காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருஷ்டி கழிக்கிறேன் என்று நடுரோட்டில் உடைத்துப்போட்டு, அதில் சைக்கிள்காரனும் மோட்டார் சைக்கிள்காரனும் வழுக்கி விழுந்து கையைக் காலை ஒடித்துக்கொள்ளுவது எந்தத் திருஷ்டியில் சேர்த்தி?)

இந்தச் சங்கதி பற்றி டீக்கடைகளில் நடந்த பேச்சை நாமும் கேட்டோம். மூன்று விதமாய்ப் பேசினார்கள். “அவன் அவன் தலையெழுத்து” என்பது ஒன்று. “பெரிய வேலை என்றால் காவு கேட்கத்தான் செய்யும்” என்பது இரண்டு. மூன்றாவதாக வெகு அலட்சியமாய், “வடக்கத்தியான்தானே” என்பது. இந்த மூன்றையும் ஒரே வாயால் பேசிவிட்டு டீயைக் குடித்து முடித்தவர்களும் உண்டு.

முதலாவது தலையெழுத்து. 2023 ஆகஸ்டு 23-ந் தேதி மிசோரத்தில் சாய்ராங் என்ற இடத்தில், ரயில்வே பாலத்தின் உத்தரம் ஏற்றிக்கொண்டிருந்தபோது இயந்திரச் சாரம் சரிந்து 26 தொழிலாளிகள் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் வங்காளத்தின் மால்டா ஜில்லாக்காரர்கள். பலர் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள், உறவுமுறையானவர்கள். 23 பேருடைய தலையிலும் பிரமன் ஒரே தேதியை, ஒரே இடத்தை, ஒரே நிமிஷத்தை எழுதி வைத்தான் என்றால், அவனுக்கு மால்டா ஜில்லாவின்மேல் மட்டும் ஏன் இந்தக் கண்? அதே பாலத்தின் படம் வரைந்தவன் தலையில் ஏன் எழுதவில்லை? கண்ட்ராக்டர் தலையில், மேல்பார்வை பார்க்கிற உத்தியோகஸ்தர் தலையில் ஏன் எழுதவில்லை? காரணம் வெகு சாதாரணமானது. மால்டாவில் வயிற்றுக்கு வேலை இல்லை. ஒரு மேஸ்திரி ஊரோடு ஆளைத் திரட்டிக்கொண்டு வருகிறான். அண்ணன் போன இடத்துக்குத் தம்பி போகிறான், மாமன் போன இடத்துக்கு மருமகன் போகிறான். எல்லோரும் ஒரே சாரத்தின்மேல் நிற்கிறார்கள். சாரம் சரிந்தால் ஒரு ஊரே சரிகிறது. இதில் எழுத்து எங்கே இருக்கிறது? மேஸ்திரியின் ஆள்கணக்கு நோட்டில் இருக்கிறது.

இரண்டாவது, காவு என்பது. இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள், கிழவிகள் பேச்சென்று தள்ளுவார்கள். சிரிக்கிற விஷயமல்ல இது. வங்காள தேசத்தில் பத்மா நதிமேல் பெரிய பாலம் கட்டிவந்த காலத்தில், அந்தப் பாலத்துக்கு மனிதத் தலை வேண்டுமாம், அதற்காகப் பிள்ளை பிடிக்கிறார்களாம் என்று ஒரு வதந்தி செல்போன் வழியே பரவியது. 2019 ஜூலை மாதத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று சந்தேகப்பட்டு ஜனக்கூட்டம் அடித்துக் கொன்றவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஒருத்தி, தன் குழந்தையைச் சேர்ப்பது பற்றி விசாரிக்க டாக்கா பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் போன தாய். பாலம் ஒரு தலையும் கேட்கவில்லை. அது கேட்டது இரும்பும் சிமிட்டியும் கணக்கும்தான். 2022 ஜூன் 25-ந் தேதி அது திறக்கப்பட்டு இன்று லாரி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாயின் தலையைக் கேட்டது பாலமல்ல, காவு என்ற நம்பிக்கை. நம்மூரில் அதே நம்பிக்கை ஆளை அடிக்காவிட்டாலும் வேறொரு காரியம் செய்கிறது. விழுந்தது எதனால் என்று விசாரிக்கவேண்டிய புத்தியை, விழத்தானே வேண்டும் என்று தூங்கவைத்துவிடுகிறது. காவு வாங்கிய பாலத்துக்கு இனிப் பயமில்லை என்று கண்ட்ராக்டரும் தூங்கப்போகலாம்.

பின்னே எதனால்தான் விழுகிறது? இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கட்டி முடிந்த பாலம் வேறு, கட்டிக்கொண்டிருக்கிற பாலம் வேறு. முடிந்த பாலத்தில் ஒவ்வோர் உறுப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். முடியாத பாலத்திலோ பாரம் வந்துவிடும், பலம் வந்திராது. ஒரு கன மீட்டர் காங்கிரீட்டு ஏறக்குறைய 2400 கிலோ எடை. கொட்டிய கணத்திலேயே அந்த எடை முழுவதும் இருக்கிறது. ஆனால் அது தன்னைத்தானே தாங்குகிற கெட்டிப்பு அடைய நாள்கள் செல்லும். 28 நாள் பலம் என்றுதான் இஞ்சினீர்கள் கணக்குப் பார்ப்பார்கள். அதுவரையில் அந்தப் பாரத்தைச் சுமப்பது கீழே இருக்கிற முட்டும் சாரமும்தான். அப்படியானால் அதிக ஜாக்கிரதையாகக் கணக்குப் பார்க்கவேண்டியது எதை? முட்டையும் சாரத்தையும். ஆனால் அதிக அலட்சியத்திற்கு ஆளாகிறது எது? நாளைக்குப் பிரித்துப் போடுகிற சாமான்தானே என்று அதே முட்டும் சாரமும்தான். உத்தரத்தைத் தூக்கி வைக்கிற சமயமும் அப்படியே. தூணின்மேல் உட்கார்ந்து நாலு பக்கமும் பிணைக்கப்பட்ட உத்தரம் மலைபோல நிற்கும். அதே உத்தரம் ஜாக்கியின்மேல் நிற்கும்போது ஒரு சாண் சறுக்கல் போதும். மதுரையில் நத்தம் ரோட்டு மேம்பாலம் 2021 ஆகஸ்டு 28-ந் தேதி சரிந்ததும் உத்தரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கும்போதுதான். உத்தரப்பிரதேசத்திலிருந்து வந்த ஒரு தொழிலாளி அதில் மாண்டார்.

இதிலெல்லாம் காணவேண்டியது என்னவென்றால், பாலம் பெரும்பாலும் திடீரென்று விழுவதில்லை. முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் விழுகிறது. கேட்க ஆள் இல்லாததுதான் குறை. கனடா தேசத்தில் க்யூபெக் நகரத்தருகில் 1907 ஆகஸ்டு 29-ந் தேதி, கட்டிக்கொண்டிருந்த பெரிய இரும்புப் பாலம் விழுந்து 75 தொழிலாளிகள் மாண்டார்கள். அதன் கதையை நம் இஞ்சினீர்ப் பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பார்கள், நாமும் தெரிந்துகொள்ளுவோம். பாலத்தின் அடித்தண்டில் இரும்பு வளைந்திருப்பதை வேலைத்தலத்தில் இருந்தவர்கள் பல நாள் முன்னாலேயே கண்டார்கள். வளைவு நாளுக்கு நாள் அதிகமாயிற்று. அது முதலிலேயே வளைந்துதான் வந்தது என்று ஒரு சாரார் சாதித்தார்கள். இதற்கெல்லாம் தலைமை யோசனைக்காரரான தியோடர் கூப்பர் என்பவர் வெகு பெயர்பெற்ற கிழவர். உடம்பு சரியில்லாமல் நியூயார்க்கிலேயே இருந்துகொண்டு, காகிதத்தில் பாலத்தைப் பார்த்துவந்தார். பாலத்தின் நடுக்கண்ணின் நீளத்தை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டிய பிறகும், அதன் சொந்த எடையைப் புதுக்கணக்குப் போடாமல் பழைய கணக்கிலேயே குறைத்து வைத்துவிட்டார்கள். கடைசியில் வாலிப இஞ்சினீர் ஒருவர் ரயிலேறிப்போய் நேரில் சொன்ன பிறகு, இனிமேல் பாரம் ஏற்றாதீர்கள் என்று கூப்பர் தந்தி கொடுத்தார். அந்தத் தந்தியும் பாலம் இருந்த இடத்துக்குப் போகாமல் கம்பெனியின் ஊருக்குப் போயிற்று. அன்று சாயங்காலம், வேலை முடிகிற நேரத்தில் பாலம் விழுந்தது.

அந்த 75 பேரில் 33 பேர் மோஹாக் என்னும் செவ்விந்திய ஜாதியார். எல்லோரும் கானவாகே என்ற ஒரே ஊர்க்காரர்கள். மால்டாவைப் போலவேதான். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெண்கள், நம் ஆண்கள் எல்லோரும் இனி ஒரே வேலைக்குப் போகக்கூடாது, பிரிந்து பிரிந்துதான் போகவேண்டும் என்று கட்டுப்பாடு செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பெண்கள் பிரமனுக்குப் பரிகாரம் செய்யவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தார்கள்.

கனடா சர்க்கார் என்ன செய்தது? மூன்று இஞ்சினீர்களைக் கமிஷனாகப் போட்டது. கமிஷனார் விழுந்து கிடந்த இரும்பை அளந்து, சாட்சி விசாரித்து, 1908-ல் அறிக்கை அச்சிட்டார்கள். அதில் கடவுள் பெயர் இல்லை. காற்றின் பெயரும் இல்லை. பாலத்தை வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு மனிதர்களின் பெயரைப் போட்டு, இவர்களுடைய கணக்குத் தப்பிதம்தான் காரணம் என்று எழுதினார்கள். அதற்குப் பிறகும் 1916-ல் நடு உத்தரத்தைத் தூக்கும்போது விழுந்து 13 பேர் செத்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனாலும் அதற்கும் காரணம் தேடினார்கள். 1917-ல் கட்டி முடித்தார்கள். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது.

அங்கெல்லாம் மட்டும் மூடர் இல்லையா என்றால் தாராளமாய் உண்டு. ஸ்காட்லாந்தில் டே நதிப் பாலம் 1879 டிசம்பர் 28-ந் தேதி புயலில் ரயிலோடு விழுந்தபோது அன்று ஞாயிற்றுக்கிழமையாய்ப் போயிற்று. ஓய்வு நாளில் ரயில் ஓட்டியதற்குக் கர்த்தர் கொடுத்த தண்டனை என்று அங்கேயும் பாதிரிகள் பிரசங்கம் செய்தார்கள். விசாரணைச் சபையார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திட்டம் மோசம், கட்டியது மோசம், பராமரித்தது மோசம் என்று மூன்று மோசத்தை எழுதி, கட்டிய இஞ்சினீரைப் பொறுப்பாக்கினார்கள். அவர் காற்றின் பலத்துக்குக் கணக்கே வைக்கவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கட்டிய பாலங்களுக்குக் காற்றுக்கும் கணக்கு வந்தது. பாதிரி சொன்னதை நம்பியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை விழுகிற பாலத்தைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

இனி மூன்றாவது பேச்சுக்கு வருவோம். “வடக்கத்தியான்தானே.” இதைச் சொல்லுகிறவர்களில் நம் தோழர்களும் சிலர் இருக்கிறார்கள் என்பதனால்தான் இதை அதிகமாய் எழுத நேருகிறது. இந்தி மொழியை நம் பிள்ளைகள்மேல் கட்டாயமாய்த் திணிப்பதை எதிர்ப்பது ஒரு காரியம். வயிற்றுப் பிழைப்புக்கு வந்த கூலிக்காரன் சாரத்திலிருந்து விழுந்து சாகிறபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளுவது வேறு காரியம். இதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எண்ணூரில் செத்த அசாம்காரனுக்கும் மிசோரத்தில் செத்த மால்டாக்காரனுக்கும் இந்தி தாய்மொழியுமல்ல.

தேர்வாய் கண்டிகையார்க்கு இது நன்றாய் விளங்கவேண்டும். மேய்ச்சல் நிலமும் காடும் தொழிற்பேட்டைக்குப் போகிறதென்று இந்த ஊர் ஜனங்கள் வருஷக்கணக்காய்ப் போராடியதைத் தமிழ்நாடு அறியும். அந்த இடத்தில் இன்று கம்பெனிகள் நிற்கின்றன. நிலம் போன ஊர்க்காரனையும், ஊரை விட்டு வந்த ஒரிசாக்காரனையும் ஒரே கேட்டு வாசலில் நிறுத்தி, இவனுக்கு அவனைக் காட்டிக் கூலியைக் குறைப்பதும், அவனுக்கு இவனைக் காட்டிப் பயமுறுத்துவதும் கண்ட்ராக்டர்களுக்குக் கைவந்த வித்தை. கண்ணன்கோட்டையையும் தேர்வாய் கண்டிகையையும் சேர்த்து, 2020-ல் திறந்த அணையில் 500 மில்லியன் கன அடித் தண்ணீர் தேக்கலாம் என்று பெருமையாய்ச் சொல்லுகிறோம். அந்தக் கரைக்கு மண் சுமந்தவன் எந்த ஊரான் என்று யார் கேட்டார்கள்?

நாமும் ஒரு காலத்தில் இப்படி வெளியூர் போன ஜாதிதான். இலங்கைத் தேயிலைக்கும் மலாய் ரப்பருக்கும் பர்மா வயலுக்கும் கங்காணி பின்னால் ஊரோடு போனவர்கள் நம் பாட்டன்மார்கள். 1942, 43-ல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் போட்டபோது, மலாய்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்க் கூலிகள் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்த ரயில்பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி வெள்ளைக்காரர் சினிமாப் படம் எடுத்து உலகமெல்லாம் ஓட்டினார்கள். அருகே காஞ்சனபுரியில் வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசை வரிசையாய்ப் பெயர் வெட்டி நிற்கின்றன. தமிழனுக்கு அப்படிப் பெயர் வெட்டிய வரிசை இல்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்குக்கூட இன்றுவரை சரியாய்க் கிடையாது. மலாய்நாட்டான் அன்று “கிளிங்கன்தானே” என்றிருப்பான். இன்று நாம் “வடக்கத்தியான்தானே” என்கிறோம்.

10 லட்சமும் 2 லட்சமும் கொடுத்தது போதாதா என்று கேட்பார்கள். கொடுத்ததை நாம் குறை சொல்ல வரவில்லை. சம்பாதிக்கிறவன் போன வீட்டில் அந்தப் பணம் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. ஆனால் அது ஜனங்களின் வரிப்பணம் என்பதை மறக்கக்கூடாது. விழவிட்டவன் பையிலிருந்து வரவேண்டியதைச் சர்க்கார் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அதோடு ஜனங்கள் வாயையும் மூடிவிடுவது என்றால் அதற்குப் பெயர் நஷ்டஈடல்ல, வாய்க்கரிசி. செய்தி வந்த அன்றைக்கே தொகை தெரிந்துவிடுகிறது. காரணம் தெரிய எத்தனை வருஷம் ஆகிறது பாருங்கள். கல்கத்தாவில் மிச்சம் நின்ற பாலத்தை இடிக்க ஆரம்பித்ததே 2021-ல்தான். அதுவரை ஐந்து வருஷகாலம், அதனடியில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

சாய்ராங் பாலத்து வழியாய் 2025 செப்டம்பர் 13-ந் தேதி பிரதம மந்திரி ரயிலைத் திறந்துவைத்தார். 100 மீட்டருக்குமேல் உயரமான தூண், குதுப்மினாரைவிட உயரம் என்று பத்திரிகைகள் எழுதின. உயரம் என்பது வாஸ்தவந்தான். அவ்வளவு உயரத்திலிருந்துதான் 26 பேரும் விழுந்தார்கள். திறப்புவிழாக் கல்லில் மந்திரிகளின் பெயரை வெட்டுவது நம் தேச வழக்கம். கட்டியவன் பெயரை வெட்டுவது வழக்கமில்லை. கட்டும்போது செத்தவன் பெயரையாவது வெட்டக்கூடாதா?

ஆகவே கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, பொன்னேரி வட்டாரத்து நம் சங்கத்தார், அடுத்த கூட்டத்தில் வழக்கமான தீர்மானங்களோடு இதையும் சேர்த்து நிறைவேற்றி ஜில்லா கலெக்டருக்கும் மின்சார இலாகாவுக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் அனுப்பவேண்டும். எண்ணூர்ச் சாரம் சரிந்ததற்குக் காரணம் என்னவென்று விசாரித்த அறிக்கை முழுவதையும், செத்தவர்கள் குடும்பத்தார் படிக்கக்கூடிய அசாமிய மொழியிலும் நாம் படிக்கக்கூடிய தமிழிலும் அச்சுப்போட்டு வெளியிடவேண்டும். இந்த ஜில்லாவில் கட்டிவருகிற ஒவ்வொரு பாலத்தின், ஒவ்வொரு பெரிய சாரத்தின் அடியிலும், இன்றைய தேதியில் இதைப் பரிசோதித்துச் சரி என்று கையெழுத்துப் போட்ட இஞ்சினீர் இன்னார் என்று ஒரு பலகை தொங்கவேண்டும். பயமாயிருக்கிறது, இறங்கிவிடுகிறேன் என்று சொல்லுகிற தொழிலாளிக்கு அந்த நாள் கூலி குறையக்கூடாது. பலகை தொங்குகிறதா, அதில் பெயர் இருக்கிறதா என்று போகிறபோதும் வருகிறபோதும் பார்த்து, இல்லாவிட்டால் இடத்தையும் தேதியையும் குறித்து நமக்கு எழுதியனுப்புங்கள். வருகிறவற்றை அடுத்தடுத்த வாரம் இதே பக்கத்தில் போடுகிறோம்.